வேட்டையும் கேண்மையும்

அகத்துறை பயின்றவர்களுக்குக் ‘கெடுதி வினாதல்’ என்னும் துறை புதியதன்று. தினைப்புனத்திலே தலைவியும் தோழியும் கிளி கடிந்து நிற்பர். வில்லுங் கையுமாக ஒருவன் அங்கே வருவான். தான் எய்த அம்போடு ஒரு மான் இவ்வழி ஓடி வந்ததா என்று வினவுவான். தோழி அவனை ஏற இறங்கப் பார்ப்பாள். மான் வந்த சுவடு எங்கும் இல்லை. அவன் தூணியில் அம்பு குறைந்த அடையாளமும் இல்லை. இவன் தேடி வந்தது வேறொன்று என்பது அவளுக்கு விளங்கிவிடும். வள்ளிமலைச் சாரலுக்கு முருகப்பெருமான் வேட வடிவங்கொண்டு வந்த கதையைக் கந்தபுராண படனத்திற் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த நயம் பழகியதே.

இத்துறையை இப்பொழுது நினைக்கும்படி செய்தது வட அமெரிக்க வேட்டைக்காரரிடையே உள்ள ஒரு வழக்கம். அங்கே சிலர் ஓர் ஆண்மானை மட்டும் குறித்துக்கொண்டு, மூன்று பருவம், நான்கு பருவம், சிலர் அதற்கு மேலும் அதன் பின்னே அலைகின்றனர். வேறு மான் எதிரே வந்து நின்றாலும் துவக்கை உயர்த்துவதில்லை. வீட்டுக்கு இறைச்சி வேண்டுமாயின் எதிர்ப்பட்ட எந்த மானும் போதும். ஆகவே இவர்கள் இறைச்சியின் பொருட்டு அலைபவர் அல்லர். பின் எதனைத் தேடுகின்றனர்? தேடிய மான் ஒரு நாள் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றால் யாது செய்தல் தகும்? முதலாவது வினாவுக்கு வேட்டைக்காரர் பலர் விடை எழுதியிருக்கின்றனர். இரண்டாவது வினாவையே நாம் ஈண்டு ஆராய விரும்புகின்றோம்.

ஒரு மானை வீழ்த்தப் பல ஆண்டு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். அந்நாடுகளில் மான் வேட்டைக்குச் சட்டம் ஆண்டிற் சில வாரங்களே இடந்தருகின்றது. அவை பெரும்பாலும் இலையுதிர் காலத்தில் வருவன. அவ்வாரங்கள் கழிந்தால் அடுத்த ஆண்டுவரை காத்திருத்தல் வேண்டும். முதிர்ந்த ஆண்மானோ அவ்வாரங்களில் எங்கே மறைவதென்பதை நன்கு கற்றது. பகலிற் புதரிடைக் கிடந்து இரவில் மேயும். படுக்குமுன் வளைந்து திரும்பி, தான் வந்த வழி கண்ணுக்குத் தெரியுமாறும், காற்று அவ்வழியிலிருந்து தன்பால் வீசுமாறும் இடந்தேர்ந்து கிடக்கும். சுவட்டை நோக்கித் தலைகுனிந்து வருபவன் அதனைக் காணுமுன் அது அவனை மோந்து அறிந்துவிடும்.

இது சென்ற ஆண்டு கண்ட அதே மான்தான் என்பதை வேடன் எவ்வாறு அறிவான்? பெரும்பாலும் கொம்பினால். மாட்டின் கொம்பு வாழ்நாள் முழுதும் தலையில் நிற்பது. இம்மானினத்தின் கொம்போ ஆண்டுதோறும் முளைத்து ஆண்டுதோறும் உதிரும் எலும்பு. இளவேனிலில் மென்மயிர்த் தோல் போர்த்து வளரத் தொடங்கும். கோடை முடிவில் அத்தோல் உலர, மான் அதை மரத்தில் உரைஞ்சிக் கழித்துவிடும். இணைசேருங் காலம் கழிந்து குளிர் முற்றியபின் கொம்பு கழன்று பனியில் விழும். அடுத்த ஆண்டு முளைப்பது முன்னையதிலும் பெரிதாயிருப்பினும், கிளை பிரியும் விதம் பெரும்பாலும் முன்னையதை ஒத்திருக்கும். உதிர்ந்த கொம்புகளைப் பொறுக்கி ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருக்கும் வேடன் ஒரு மானின் வரலாற்றையே வீட்டில் வைத்திருப்பவன். எந்த ஊற்றில் நீர் குடிக்கும், எந்த மரத்தில் உரைஞ்சும், எந்தச் சரிவில் வெயில் காயும் என்பனவெல்லாம் அவனுக்கு மனப்பாடம். காட்டில் ஆண்மான் பத்தாண்டு வாழ்வது அரிது. நான்கு பருவம் ஒன்றைத் தொடர்ந்தவன் ஏறக்குறைய அதன் ஆயுளிற் பாதியை அதனோடு கழித்தவனாகின்றான்.

அவன் அதற்குப் பெயரும் இடுகின்றான். இலக்கணம் கற்றார் இவ்விடத்திற் சற்று நிற்பர். சாத்தன் என்பது மனிதனுக்கும் பெயராகும், எருதுக்கும் பெயராகும். ‘சாத்தன் வந்தான்’, ‘சாத்தன் வந்தது’ என இரு திணைக்கும் பொதுவாய் நிற்றலின் இத்தகைய பெயரை விரவுப்பெயர் என்றனர் நம் முன்னோர். மான் என்பது அஃறிணைப் பெயர். அந்த மானுக்கென ஒரு பெயரிட்டு அழைத்த அன்றே வேடன் அதனைத் திணையெல்லையின் இப்பக்கத்துக்கு ஓரடி கொண்டுவந்துவிட்டான். அதன்பின் அவன் உள்ளத்தில் நிகழ்வது யாது என்பதைத் தன் வாழ்விலிருந்தே எடுத்து எழுதியவர் ஒருவர் உளர்.

அவர் ஏணஸ்ற் தொம்சன் சீற்றன். 1860 இல் இங்கிலாந்திற் பிறந்து, 1866 இற் குடும்பத்தோடு கனடா சென்றவர், ஓவியர், இயற்கை நூலார். 1882 முதலாகச் சில ஆண்டுகள் மனிற்றோபா மாகாணத்திலே கார்பெரி என்னும் ஊரை அடுத்த மணற்குன்றுகளிடையே திரிந்து பறவைகளையும் விலங்குகளையும் பயின்றார். அக்காலத்து அநுபவத்தைக் கொண்டு, ‘மணற்குன்று மானின் சுவடு’ என்று நாம் பெயர்க்கத்தக்க ஒரு சிறு நூலை 1899 இல் வெளியிட்டார். படங்களும் அவர் வரைந்தவையே. கதைத் தலைவனின் பெயர் ‘யான்’. தமிழ்ச் செவிக்கு அப்பெயர் தன்மை ஒருமையாய் ஒலிப்பது ஒரு தற்செயல். ஆயினும் பொருத்தமான தற்செயல். அந்த யான் சீற்றனேதான்.

வெயில் எரிக்கும் ஒரு கோடை நாளில் யான் என்பான் ஊற்றுக்கரை ஈரமண்ணில் மானின் குளம்படி ஒன்றைக் காண்கின்றான். அதுவரை பறவை தேடித் திரிந்தவனுடைய உள்ளத்தில் அந்தச் சுவடு தீயை மூட்டிவிடுகின்றது. பனி விழத் தொடங்கியதும் துவக்கை எடுத்துக்கொண்டு புறப்படுகின்றான். நாட்கணக்கில் நடக்கின்றான், மான் கிட்டவில்லை. அந்நிலத்துப் பழங்குடி வேடன் ஒருவனோடு சேர்ந்து காட்டு வித்தை பயில்கின்றான். சுவடுகளில் எல்லாவற்றினும் பெரியதொன்று அவன் கண்ணிற் படுகின்றது. அதன்பின் அவனுக்கு வேறு மான் இல்லை. மாரிக்குப் பின் மாரியாக அந்தச் சுவட்டின் மேலேயே நடக்கின்றான். ஒரு பருவத்தில் நண்பரோடு கூட்டமாய்ச் சென்றபோது பெண்மான் ஒன்று அடிபட்டு வீழ்கின்றது. சாகுந் தறுவாயில் அதன் கண்ணைக் கண்டவன் கலங்குகின்றான். ஆயினும் அடுத்த மாரியில் மீண்டும் போகின்றான். ஈற்றிலே பன்னாள் தொடர்ந்த களைப்போடு ஒரு புதரருகே நிற்கையில் அந்த மான் அவன்முன் வந்து நிற்கின்றது. இரண்டுங் கண்ணுக்குக் கண் நோக்குகின்றன. துவக்குக் கையில் இருக்கின்றது. அவன் சுடவில்லை. இனி உன் சுவட்டின் மேல் வாரேன் என்னுங் கருத்துப்பட மானோடு பேசி அதனைப் போகவிடுகின்றான். அந்தப் பேச்சிலே புத்தர் பெருமானின் பெயரும் வருகின்றது. மனிற்றோபாப் பனியில் நிற்கும் ஒரு வெள்ளைக்கார வேடன் வாயில் அப்பெயர் வருவது நம் நாட்டார் கவனித்தற்குரியது.

இது நடந்த கதையா என்று கேட்பாரும் உளர். விலங்குக்கு மனித மனத்தை ஏற்றி எழுதுகின்றார் என்று சீற்றன்மேற் பழி எழுந்ததுண்டு. 1903 இல் ஜோன் பரோஸ் என்னும் மூத்த இயற்கை எழுத்தாளர் அற்லாந்திக் மாத இதழிலே அவரைக் கடுமையாகச் சாடினார். அக்கண்டனத்தில் நியாயம் உண்டு. மான் யாது நினைத்தது என்பதை எவரும் அறியார். வேறொரு செய்தியையும் மறைத்தல் தகாது. கார்பெரியை விட்டுச் சென்று சில ஆண்டுகளின் பின், 1894 சனவரியில், நியூ மெக்சிக்கோவில் ஆநிரையைக் கொன்று வந்த ‘லோபோ’ என்னும் ஓநாயைச் சீற்றன் பொறிவைத்துப் பிடித்தார். அதன் பெடையைக் கொன்று, அப்பெடையின் மணத்தைக் கொண்டே அதனைப் பொறிக்கு அழைத்தார். அது பிடிபட்ட நிலையிலேயே இறந்தது. ஆகவே மணற்குன்றில் ஒரு கணத்தில் ஞானம் பெற்று அன்றே வேட்டை துறந்த முனிவர் அல்லர் அவர். இந்த ஓநாயையும் அந்த மானையும் நினைந்து நினைந்து, பின்னே 1899 இல் எழுதிய நூல் இது. மான் யாது நினைத்தது என்பதை விட்டுவிடுவோம். பல பருவம் தொடர்ந்தவன் தன் உள்ளத்திற் கண்ட மாற்றத்தை எழுதியிருக்கின்றான். அதற்குச் சான்று அவனே.

தெரிந்து தொடர்தல் இவ்வாறாயின், தெரியாது கொல்லுதல் எத்தகையது? அதனைக் காண நாம் கனடாவுக்குப் போகவேண்டியதில்லை, நுவரெலியாவே போதும். ஆங்கிலத்தில் ‘எல்க்’ என்னும் சொல் மூன்று நாட்டில் மூன்று விலங்கைக் குறிக்கின்றது. ஐரோப்பாவில் அது அகன்ற தட்டைக் கொம்புடைய பெருவிலங்கு. அதனையே அமெரிக்கர் ‘மூஸ்’ என்பர். அமெரிக்காவில் அது ‘வாபிற்றி’ என்னும் வேறொரு பெரிய மான். இலங்கைக்கு வந்த ஆங்கிலேயரோ நம் மரையைக் கண்டு அதற்கும் எல்க் என்றே பெயரிட்டனர். இது இந்தியச் சாம்பார் இனம் என்பதை அறிந்தோரும் அப்பெயரை விட்டாரல்லர். இந்நாட்டார் இதனை யாது பெயரால் வழங்குகின்றனர் என்பது அவர்களுக்கு ஒரு பொருளாகத் தோன்றவில்லை.

தமிழரோ மரையை நெடுங்காலமாகப் பெயர் சொல்லி அறிந்தவர். தொல்காப்பிய மரபியல் மரையின் ஆணை ஏறு என்றும், பெண்ணை ஆ என்றும் வழங்க இடந்தருகின்றது. பசுவுக்கும் எருமைக்கும் உரிய பெயர்கள் அவை. நவ்வி, உழை, புல்வாய் ஆகியவற்றின் குட்டிக்கு மறி என்னும் பெயரைக் கூறுகின்றது. இவ்வளவு பெயரும் ஏன்? ஒவ்வொன்றையும் பிரித்தறியுமளவுக்கு நின்று நோக்கியவர் இருந்தனர் என்பதனால்.

சாமுவேல் பேக்கர் 1848 இல் நுவரெலியாவிற் குடியேறி, 1855 வரை அங்கே வாழ்ந்தார். பிற்காலத்தில் ஆபிரிக்காவின் அல்பேட் ஏரியைக் கண்டு புகழ்பெற்றவர் அவரே. ஹோட்டன் சமவெளியின் அருவி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இலங்கை வேட்டையைப் பற்றி இரு நூல்கள் எழுதினார். நாய்க்கூட்டத்தை ஏவி மரையை ஆற்றிலோ பாறையடியிலோ மடக்கி, கத்தியாற் குத்திக் கொல்லுதல் அவருக்கு உவந்த விளையாட்டு. அவர் கோழையல்லர், மலையும் காடும் அவர் எழுத்தில் உயிரோடு நிற்கின்றன. நாய்களுக்கு அவர் இட்ட பெயர்களைக்கூட நூலிற் காணலாம். ஒவ்வொரு நாயின் குணமும் அவருக்குத் தெரியும். மரைகளுக்கோ பெயரில்லை. இன்று ஒன்று, நாளை மற்றொன்று. நாயை அறிந்த அளவு மரையையும் அறிந்திருந்தால் அந்நூல்கள் வேறு நூல்களாகியிருக்கும்.

இவ்வாறு நோக்கின், ஒரே மானைத் தொடரும் வேட்டைக்காரன் பேக்கரிலும் பல படி உயர்ந்தவன் என்பதில் ஐயமில்லை. அவன் பக்கத்து நியாயத்தை முழுதும் கேட்டபின்னரே தீர்ப்புச் சொல்லுதல் முறை.

‘நான் ஒன்றைக் குறித்துக்கொண்டமையால் நூறு தப்பின’ என்பது அவன் கூறும் முதல் நியாயம். பிணைமானையும் மறியையும் அவன் தொடுவதில்லை. வேட்டையால் வரும் பணமே காட்டைக் காக்கின்றது என்பது இரண்டாவது. இதனையும் எளிதில் தள்ள இயலாது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1937 இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின்படி துவக்கு, தோட்டா முதலியவற்றின் மேல் விதிக்கும் வரி காட்டு விலங்குப் பாதுகாப்புக்கே செலவாகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் வாபிற்றி ஏறத்தாழ ஒரு இலட்சமாகச் சுருங்கியிருந்தது என்றும், இன்று பத்து இலட்சமளவில் உள்ளது என்றும் கணக்கிடுவர். அதற்கு உழைத்தவருள் வேட்டைக்காரர் பலர்.

மூன்றாவது, வேட்டையறம். தியடோர் ரூஸ்வெல்ற் முதலியோர் 1887 இல் நிறுவிய பூண்–குறொக்கற் கழகம், தப்பியோட வாய்ப்பில்லாத விலங்கை வீழ்த்துதல் இழுக்கு என்னும் கொள்கையைப் பரப்பிற்று. இக்கொள்கை நமக்குப் புதியதோ? மகாவமிசத்தில் தேவநம்பிய தீசன் கதையை நினைக்க. மிகிந்தலை மலையில் வேட்டைக்கு வந்த அரசன் மேய்ந்துகொண்டு நின்ற மானொன்றைக் காண்கின்றான். மரை என்றே சிலர் பொருள்கொள்வர். தன்னை அறியாது மேயும் உயிரை எய்தல் தகாது என எண்ணி, வில்லின் நாணை ஒலிக்கச் செய்கின்றான். அது மலைமேல் ஓட, இவன் பின்தொடர, அங்கே மகிந்த தேரரைச் சந்திக்கின்றான். நாணொலி எழுப்பிய அந்த ஒரு கணத்து அறமே அவனை மேற்கொண்டு நடத்தியது எனலாம்.

நம் சைவ மரபும் வேடனை வெறுத்து ஒதுக்கியதன்று. திண்ணனார் ஒரு பன்றியைத் தொடர்ந்து நாணனோடும் காடனோடும் நெடுந்தூரம் ஓடி, அதனைக் கொன்று, அதன்பின்னரே காளத்தி மலையைக் கண்டார். இறைவனுக்கு அவர் முதலிற் கொண்டுசென்றது அப்பன்றி இறைச்சி. கொல்லாமையும் புலால் மறுத்தலும் வள்ளுவர் தனித்தனி அதிகாரமாக வகுத்த அறங்கள். அவற்றை ஓம்புதல் நம் கடன். அதற்காக, வேடன் என்ற மாத்திரத்தே ஒருவனை இழித்துரைக்க நமக்கு உரிமை வந்துவிடாது.

இவ்வளவும் ஒப்பிய பின்னரும் ஒரு தடை நிற்கின்றது. பல ஆண்டு உழைத்தமையால் அம்மானைக் கொல்லும் உரிமை தனக்கு மிகுகின்றது என்று அவ்வேடன் கருதுகின்றான். நடந்த காதமும், விறைத்த விரலும், வறிதே கழிந்த விடியல்களும் அவன் கொடுத்த விலை. மான் அவ்விலைக்கு உரிய பொருள். நமது கருத்து இதற்கு மாறானது. ஒவ்வொரு பருவமும் அவ்வுரிமையைக் குறைத்துக்கொண்டே போகின்றது. முதலாம் ஆண்டில் அது ஏதோ ஒரு மான். நான்காம் ஆண்டில் அதன் கொம்பு, நடை, அச்சம், துணிவு யாவும் அவனுக்குத் தெரியும். பசிக்காக முதலாம் நாளே ஒரு மானை வீழ்த்திய ஏழையிடம் கேட்க முடியாத கேள்வியை இவனிடம் கேட்கலாம். ‘இவ்வளவு தெரிந்த பின்னும் எப்படி?’ என்பதே அக்கேள்வி. திண்ணனார் பன்றியின் பின்னே ஓடியது ஒரு நாள். அதனோடு அவருக்கு அறிமுகம் இல்லை.

வேட்டையறமும் நாளடைவில் தேய்ந்து வருகின்றது. இப்பொழுது மரத்திற் கட்டிவைக்கும் கமரா இரவு பகலாக மானைப் படம் பிடித்து, வேடன் வீட்டில் இருக்கவே அவன் கைத்தொலைபேசிக்கு அனுப்பிவிடுகின்றது. யான் பனியில் நடந்து கற்றதை இவன் போர்வைக்குள் இருந்து கற்கின்றான். இது முறையன்று என்று அங்குள்ளோரே உணர்ந்தனர். அரிசோனா மாநிலம் வேட்டைக்கு இத்தகைய கமராவைப் பயன்படுத்துவதை 2022 தொடக்கம் தடைசெய்தது. யூற்றா மாநிலமும் அதே ஆண்டில் வேட்டைப் பருவத்துக்குத் தடைவிதித்தது. அந்த யூற்றாவில் 2008 இல், ‘சிலந்தி’ என்று பெயர்பெற்ற ஒரு வாபிற்றி ஏறு வீழ்த்தப்பட்டது. கொம்பின் கிளைகளை அளந்து கூட்டியபோது 478 அங்குலத்துக்கு மேல் வந்தது. அதுவரை அளந்தவற்றுள் அதுவே பெரிது. அதனை வீழ்த்தியவர் அனுமதிச் சீட்டுக்கு மட்டும் ஒன்றரை இலட்சம் டொலர் கொடுத்தார் என்பது செய்தி. தேடிக் கொடுக்க வழிகாட்டிகள் இருந்தனர். சட்டத்துக்கு மாறாக எதுவும் நடக்கவில்லை. அப்பணம் காட்டுக்குப் பயன்பட்டுமிருக்கலாம். ஆனால் தொடர்தலும் கற்றலும் பிறர்க்குரிய கூலி வேலையாகி, கொல்லுதல் ஒன்றே விலைகொடுத்தவர்க்கு எஞ்சியது. வேட்டையில் உயர்ந்த பகுதி எது, தாழ்ந்த பகுதி எது என்பதை அந்நிகழ்ச்சி தெளிவாகப் பிரித்துக் காட்டிவிட்டது.

கொம்புக்காகக் கொல்வதே நோக்கமாயின் அதற்கும் ஒரு விடை உண்டு. அந்தக் கொம்பை மான் ஆண்டுதோறும் தானே கழற்றிப் போட்டுவிட்டுப் போகின்றதன்றோ? சுவடறிந்தவன் தேடினால் எடுத்துக்கொள்ளலாம். முற்கூறிய கழகம் உதிர்ந்த கொம்பைத் தன் ஏட்டிற் பதிவதில்லை. ஆனால் தானே இறந்து கிடந்த மானின் கொம்பைப் பதிகின்றது. வியப்பு என்னவெனின், வெள்ளைவால் மானினத்தில் ஒழுங்கற்ற கிளையுடைய கொம்புகளுள் அவ்வேட்டில் தலைசிறந்து நிற்பது, 1981 இல் மிசூரி மாநிலத்திலே செத்துக் கிடந்த மானொன்றின் கொம்பு. அதன் அளவு 333 அங்குலத்துக்கு மேல். அதற்கு அடுத்ததும் 1940 இல் ஒகாயோவிற் செத்துக் கிடந்த மானுக்கே உரியது. எந்த வேடனும் வீழ்த்தாத இரு மான்கள் அத்தனை வேடருக்கும் மேலே நிற்கின்றன. பருவந்தோறும் துவக்குகளுக்குத் தப்பி முதிர்ந்தமையாலேயே அவை அவ்வளவு பெருத்தன.

இவ்வளவையும் பிறர்க்கு உபதேசமாகச் சொல்லி முடித்துவிட்டால் அது போலியாகும். நம் நாட்டில் நடப்பதையும் பார்க்கவேண்டும். இங்கே மரை சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட விலங்கு. வனசீவராசிகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 1937 ஆம் ஆண்டிற்குரியதே. பேக்கர் நாயேவிய ஹோட்டன் சமவெளி 1988 இல் தேசிய பூங்காவாயிற்று. துவக்கோடு மலையேறும் துரைமார் இன்று இல்லை. அவர்கள் இடத்தில் வந்திருப்பது சுருக்குக் கம்பி. தோட்டத்து ஓரங்களிலும் வன்னிக் காட்டோரங்களிலும் பன்றிக்கென்றும் மரைக்கென்றும் கட்டிவிடுகின்றனர். கட்டியவன் வீட்டுக்குப் போய்விடுவான். வருவது பன்றியா, மரையா, பிணையா, மறியா என்பதைக் கம்பி அறியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணியிலே காணற்கரிய கரும்புலி ஒன்று அத்தகைய கம்பியில் அகப்பட்டது. மீட்டுச் சென்றும் சில நாளில் இறந்தது. ஒரே மானை நான்காண்டு தொடர்ந்து கொல்பவன் அறிந்து கொல்கின்றான் என்றோம். கம்பி கட்டுபவன் தான் யாரைக் கொல்கின்றான் என்பதைக்கூட அறிய விரும்பாதவன். இவ்விருவருள் முன்னையவனைக் குறைகூறப் பின்னையவன் நாட்டாருக்கு நாணம் வேண்டும்.

அன்பினாலும் இங்கே கொலை நடக்கின்றது. ஹோட்டன் சமவெளி மரைக்குப் பிஸ்கற் கொடுப்பாரும், திருக்கோணமலைக் கோட்டை மான்களுக்குச் சோற்றுப் பொட்டலம் எறிவாரும் நல்ல மனத்தினரே. உணவோடு பொலித்தீனும் உள்ளே போகும் என்பதை எண்ணுவதில்லை. மான் யாது தின்னும் என்று ஒரு நாள் நின்று பார்த்தவன் இதனைச் செய்யான்.

குறை எங்கே உளது? நம் கல்வியிலும் உளது. நிகண்டிலே மானுக்குரிய பெயர்களை ஒரே மூச்சில் ஒப்புவிக்கும் மாணவனை மரையின் முன்னும் புள்ளிமானின் முன்னும் நிறுத்தினால், எது எதுவெனத் திகைக்கின்றான். பேக்கர் விலங்கைக் கண்டார், பெயரைக் கேட்டாரல்லர். நாம் பெயரைக் காத்தோம், விலங்கைக் காணாதொழிந்தோம். பண்டைப் புலவரிடம் இரண்டும் இருந்தன. மரபியற் சூத்திரம் கற்பிக்கும் ஆசிரியர், கோடையில் நீர் வற்றிய குளக்கட்டுக்கு மாணவரை ஒருமுறை அழைத்துச் சென்று, சேற்றிற் பதிந்த குளம்படியைக் காட்டிக் கற்பித்தால் அச்சூத்திரம் உயிர்பெறும். இது பன்றி, இது மரை, இது மரையின் கன்று எனப் பிரித்தறியப் பழகிய சிறுவன், வளர்ந்தபின் சுருக்குக் கம்பியை அவ்வளவு எளிதாகக் கட்டமாட்டான்.

சீற்றனின் அச்சிறு நூலைப் பள்ளி மாணவர்க்கு ஏற்ற நல்ல தமிழில் யாரேனும் ஆக்கித் தருதல் வேண்டும் என்பது நமது வேண்டுகோள். மொழிபெயர்ப்பவர் ‘எல்க்’ என்ற சொல் வருமிடமெல்லாம் எந்த நாட்டு எல்க் என்று பார்த்தெழுதுக. நம் மரைக்கு மரை என்றே எழுதுக. கதைத் தலைவனின் பெயரை மட்டும் மாற்றவேண்டாம். யான் என்றே இருக்கட்டும்.